உப்பு ஏறிய மூன்று மா நிலம்: இங்கே அணை கட்டுகிறார்கள், ஊரில் யாரிடம் போய்க் கேட்பது?

வெண்ணாற்றான் | ஞாயிறு, இரவு 10:15

எல்லாருக்கும் வணக்கம். பதினோரு வருடமாகச் சிங்கப்பூரில் இருக்கிறேன், துவாஸ் பக்கம் வேலை. ஊர் வேதாரண்யத்துக்கு அருகில், கடைமடை. தாத்தா பேரில் மூன்று மா நஞ்சை, அதை ஒட்டிக் கொஞ்சம் மேட்டுத் திடல். மூன்று மா என்றால் கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். மிராசுதார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அப்பாவுக்கு முழங்கால் போனதிலிருந்து ஒருவர் குத்தகைக்குச் செய்கிறார். சின்ன வயதிலிருந்தே அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவேன்.

போன வாரம் வீடியோ காலில் வந்தார். வாய்க்காலில் விரலை விட்டு நாக்கில் வைத்தார், முகம் சுருங்கிவிட்டது. "தம்பி, ஆத்துல தண்ணி குறைஞ்சா கடல் உள்ள வந்துருது. நாத்து நுனியெல்லாம் கருகுது பாரு" என்று போனைப் பயிர் பக்கம் திருப்பினார். அடப்பாற்று வழியாக ஓதம் ஏறுவது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. ஆனால் முன்பெல்லாம் இவ்வளவு தூரம் ஏறாது.

மறுநாள் இங்கே கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் நண்பர்களோடு உட்கார்ந்திருந்தேன். லாங் ஐலண்டு பற்றிப் பேச்சு வந்தது. கடலைத் தூர்த்துத் தீவு செய்து, அதையே தடுப்பாக நிறுத்தப் போகிறார்கள். நூறு வருடத்துக்கு யோசிக்கிறார்கள். எங்கள் ஊரில் ஒரு மதகுக் கதவு துருப்பிடித்தால் அதற்கே மூன்று வருடம் மனு போட வேண்டும். ஏன் இந்த வித்தியாசம்? பணம் மட்டும்தானா?

கட்டடக்காரன் | ஞாயிறு, இரவு 11:02

பணமும் இருக்கிறது தம்பி, இல்லையென்று சொல்ல முடியாது. 2019 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் சொன்ன கணக்கு, நூறு வருடத்தில் 100 பில்லியன் சிங்கப்பூர் வெள்ளி. 2020-ல் கடலோரப் பாதுகாப்புப் பொறுப்பைத் தண்ணீர் வாரியமான பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் கொடுத்தார்கள். அந்த வருடமே 5 பில்லியன் வெள்ளியில் தனி நிதியும் வைத்தார்கள். 2024-ல் வந்த மூன்றாவது பருவநிலை ஆய்வின்படி, புகை வெளியேற்றம் குறையாவிட்டால் 2100-க்குள் கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரலாம். சிங்கப்பூரில் சுமார் 30 விழுக்காட்டு நிலம் கடல்மட்டத்துக்கு மேல் 5 மீட்டருக்குக் குறைவான உயரத்தில் இருக்கிறது. பயப்படத்தான் வேண்டும்.

ஆனால் நான் பார்த்தவரை பெரிய வித்தியாசம் வேறு. இங்கே நிலச் சொந்தக்காரர் பெரும்பாலும் ஒரே ஆள்தான், அரசு. கரையோரமாகப் பத்துக் கிலோமீட்டருக்கு வரப்புப் போட வேண்டும் என்றால் பத்துப் பதினைந்து அலுவலகங்கள் பேசி முடித்துவிடலாம். உங்கள் ஊரில் பத்துக் கிலோமீட்டர் ஆற்றங்கரையில் எத்தனை சர்வே எண், எத்தனை உட்பிரிவு, எத்தனை பங்காளி வழக்கு?

அப்புறம், அங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்றும் சொல்லாதீர்கள். ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் வெண்ணாற்றுப் படுகைத் திட்டம் 2016-ல் ஒப்புதல் ஆனது. அடப்பாறு, அரிச்சந்திரா நதி, வெள்ளையாறு எல்லாம் அதில் இருக்கின்றன.

ஈசூன் அக்கா | திங்கள், காலை 6:40

கட்டடக்காரன் தம்பி, "ஒரே ஆள்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த ஒரே ஆள் எப்படி ஒரே ஆள் ஆனார் என்பதை நான் கண்ணால் பார்த்தவள்.

அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தார். வெள்ளைக்காரன் போன பிறகும் அங்கேயே கம்பத்து (கிராமத்து) வீட்டில் இருந்தோம். வீடு நாங்கள் கட்டியது, நிலம் ஒரு சீனத் தவுக்கேயுடையது (முதலாளியை இங்கே அப்படித்தான் சொல்வோம்), மாதம் சில வெள்ளி வாடகை. எனக்குப் பதினோரு வயது இருக்கும்போது அதிகாரி ஒருவர் அட்டை வைத்த பலகையோடு வந்தார். வீட்டை அளந்தார். கோழிக்கூட்டை அளந்தார். பிறகு மரங்களை எண்ணினார். ரம்புத்தான் நான்கு, தென்னை ஆறு, ஒரு பலா. அம்மா ஓடிப் போய் முருங்கையையும் எழுதச் சொன்னார், அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். எழுதினாரா தெரியாது. அப்பா சாகும்வரை அதைச் சொல்லிக் கிண்டல் செய்தார்.

நட்ட ஈடு வந்தது எங்களுக்கு, எங்கள் மரத்துக்கு, எங்கள் கூட்டுக்கு. ஈசூனில் வீடும் கிடைத்தது. தவுக்கேதான் நொந்துபோனார். 1966 நில எடுப்புச் சட்டம் இருக்கிறதே, அதை 1973-ல் திருத்தி, அந்த வருட விலைக்கு மேல் கொடுக்க மாட்டோம் என்று நிறுத்திவிட்டார்கள். நடுவில் தேதியை மாற்றினார்கள், ஆனால் முழுச் சந்தை விலை என்று ஆனது 2007-ல்தான். அதற்கும் முன்னால் 1964-லேயே கரையோரச் சட்டத்தைத் திருத்தி, உன் வீட்டு வாசல் கடலைத் தூர்த்தால் கடல் போனதற்குக் காசு இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள்.

செம்பவாங்கில் மரத்தடியில் இருந்த முருகன்கூடப் பிறகு ஈசூனுக்குத்தான் வந்தார். ஆர்ச்சர்ட் ரோட்டுச் சிவனை எம்ஆர்டி ரயில் பாதை கிளப்பியது, இப்போது கேலாங் ஈஸ்ட்டில் இருக்கிறார். சாமிக்கே இடமாற்றம் என்றால் நாம் எம்மாத்திரம்.

நல்லது கெட்டது இரண்டும் இருந்தது. வந்த அதிகாரி கேட்ட முதல் கேள்வி மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "நிலம் யார் பேரில்?" என்று கேட்கவில்லை. "இந்த மரம் யார் வைத்தது?" என்று கேட்டார்.

வெண்ணாற்றான் | திங்கள், இரவு 9:30

அக்கா, காலையில் பேருந்தில் இதைப் படித்தேன். நாள் முழுக்க வேலை ஓடவில்லை. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், வீட்டில்கூட இதைப் பேசியதில்லை.

2018 நவம்பரில் கஜா அடித்தபோது எங்கள் திடலில் தென்னை ஒன்றுகூட நிற்கவில்லை. மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100 என்று அரசு அறிவித்தது. நில உரிமையைக் காட்டும் சிட்டா எங்கள் குடும்பத்தின் பேரில். பணம் அப்பா கணக்குக்கு வந்தது. அந்தத் தென்னைகளைப் பத்து வருடத்துக்கு முன் குழி வெட்டி வைத்ததும், தண்ணீர் தூக்கி ஊற்றியதும், புயலுக்குப் பிறகு ரம்பம் வாடகைக்கு எடுத்து வெட்டித் தள்ளியதும் சித்தப்பா. அப்புறப்படுத்தும் 500-ஆவது அவருக்குப் போயிருக்க வேண்டும். அப்பா கொடுத்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் தெரிந்திருக்கும், அதனால்தான் கேட்கவில்லை.

டெல்டா பிராப்பர்ட்டி | திங்கள், இரவு 9:52

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது]

நெறியாளர் | திங்கள், இரவு 10:05

நாகை பைபாஸில் மனை விற்பவர்கள் வேறு இடம் பாருங்கள். உப்பு ஏறிய நிலத்தைப் பற்றிப் பேசும் இழையில் வந்து "கடல் காற்று வீசும் மனை" என்று விளம்பரம் போடும் தைரியத்துக்கு மட்டும் ஒரு கும்பிடு.

சட்டப்புள்ளி | செவ்வாய், மதியம் 1:10

சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன். வெண்ணாற்றான், உங்கள் வீட்டுக் கதைக்குச் சட்டத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது.

நாளைக்கே அரசு உங்கள் நிலத்தைச் சாலைக்கு எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2013 மத்திய நில எடுப்புச் சட்டத்தில் "பாதிக்கப்பட்ட குடும்பம்" என்பதில் சொந்தக்காரர் மட்டும் இல்லை. மூன்று வருடமாக அந்த நிலத்தை நம்பிப் பிழைக்கும் குத்தகைதாரர், வாரத்துக்குச் செய்பவர், விவசாயக் கூலி எல்லாரும் அதில் வருவார்கள். (தமிழ்நாடு 105ஏ பிரிவைப் போட்டு நெடுஞ்சாலை, தொழிற்சாலை நிலங்களுக்கான தன் சட்டங்களை அதிலிருந்து விலக்கி வைத்தது. 2019-ல் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது, மாநிலம் புதுச் சட்டம் போட்டு உயிர் கொடுத்தது, 2021-ல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. அது தனிப் புராணம்.) எப்படியும் ஏட்டில் சித்தப்பாவுக்கு ஓர் இடம் உண்டு.

ஆனால் நிலத்தை எடுப்பது அரசாக இல்லாமல் கடலாக இருந்தால்? கடல் நோட்டீஸ் ஒட்டாது, விசாரணை வைக்காது, வருடத்துக்கு நாலு வரப்பு என்று மெதுவாக எடுத்துக்கொண்டு போகும். அதற்கு நில எடுப்புச் சட்டம் பேசாது. நிவாரண அரசாணைதான் பேசும், அது சிட்டாவையும், எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று எழுதும் அடங்கலையும் பார்க்கும். 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கினார்கள். புது எண்ணெய், எரிவாயுக் கிணறு வராமல் அந்தச் சட்டம் தடுக்கும். உப்பைத் தடுக்காது.

குத்தகை விஷயத்தில் சட்டம் இல்லாமலும் இல்லை. 1955-ல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1969-ல் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம். பதிவேட்டில் பேர் ஏறினால் அவரைச் சும்மா கிளப்ப முடியாது. அதனால்தான் பாதி ஊரில் குத்தகை வாய்ப்பேச்சாகவே ஓடுகிறது.

அக்கரைக்காரன் | செவ்வாய், இரவு 8:45

நாகப்பட்டினம் மீனவக் குடும்பம், இப்போது உட்லண்ட்ஸ். நீங்கள் எல்லாரும் வயல், பட்டா என்று பேசுகிறீர்கள். பட்டாவே இல்லாதவன் கதையையும் கேளுங்கள்.

சுனாமிக்குப் பிறகு 2005 மார்ச்சில் ஓர் அரசாணை வந்தது, எண் 172. கடல் ஏறும் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இழந்தவர்கள் உள்ளே தள்ளிப் போனால் இலவச வீடு. பழைய மனையை அரசுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். போக மாட்டேன் என்றால் நீயே பழுது பார்த்துக்கொள், அரசு உதவி கிடையாது. போனோம். வேறு என்ன செய்வது? ஒரு நல்ல விஷயம், புது வீட்டுப் பட்டாவில் அம்மா பேரையும் சேர்த்துப் போட்டார்கள். அம்மா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.

ஆனால் அங்கிருந்து படகைப் பார்க்க முடியாது. காற்று மாறினால் ராத்திரியில் ஓடிப்போய்ப் படகை மேலே இழுக்க வேண்டும், அப்பா மிதிவண்டியில் போவார். வலை உலர்த்திய இடம், கருவாடு போட்ட மணல், ஏலம் விட்ட திட்டு, எல்லாம் யார் பேரிலும் இல்லை. ஏட்டில் புறம்போக்கு. நான்கு தலைமுறை புழங்கிய இடத்துக்கு இழப்புக் கணக்கே போடவில்லை, ஏனென்றால் அது எங்களுடையது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

கூத்தின் அடுத்த காட்சி 2019 ஜனவரியில். கடலோர ஒழுங்குமுறை அறிவிப்பைத் திருத்தி, மக்கள் நெருக்கமான கரையோரக் கிராமங்களில் கட்டடம் கூடாத தூரத்தை 200-லிருந்து 50 மீட்டராகக் குறைத்தார்கள். எங்கள் ஆட்களும் கட்டிக்கொள்ளலாம்தான், மறுக்கவில்லை. ஆனால் பேங்க் கடனோடு முதலில் வந்து நிற்கப் போவது யார்? அலைக்குப் பயந்து எங்களைத் தள்ளி வைத்த அதே மணலில் நாளைக்கு விடுதி வரும்.

மரின்பரேட் மாமா | செவ்வாய், இரவு 11:20

படித்தேன். அக்கரைக்காரனுக்குப் பதில் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை, அதனால் என் பாட்டைப் பாடுகிறேன்.

நான் குடியிருக்கும் இடமே ஒருகாலத்தில் கடல். 1966-ல் தொடங்கிக் கிழக்குக் கரையைத் தூர்த்து, அதன் மேல் கட்டிய வீவக (அரசு வீட்டு வளர்ச்சிக் கழக) வீடு. எழுபதுகளில் ஓடத் தொடங்கிய 99 வருடக் குத்தகை. 2100-ல் கடல் வருமா என்று மகன் கேட்டான். அதற்கு முன்னாலேயே குத்தகை முடிந்துவிடும்டா, கடல் வந்து கதவைத் தட்டினால் "வீட்டுக்காரர் இல்லை" என்று சொல்லிக்கொள்ளலாம் என்றேன். சிரிப்பாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். கேலாங் லோரோங் 3-ல் 191 தரை வீடுகள், 60 வருடக் குத்தகை, 2020 டிசம்பர் 31-ல் முடிந்தது. சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள், நீட்டிப்பும் இல்லை, இழப்பீடும் இல்லை. வெண்ணாற்றான் தம்பி, நம்மூர்ப் பட்டா தாத்தா பேரிலேயே செத்துக் கிடந்தாலும் அது உங்களுடையது. இங்கே நாம் எல்லாருமே சித்தப்பாதான், நல்ல காகிதம் வைத்திருக்கும் சித்தப்பா.

அப்புறம் மண். அறுபதுகளில் 580 சதுரக் கிலோமீட்டர் சொச்சமாக இருந்த தீவு இன்று 730-ஐத் தாண்டிவிட்டது. அந்த மண் எங்கிருந்து வந்தது? மலேசியா 1997-ல் நிறுத்தியது, இந்தோனேசியா 2007-ல் நிறுத்தியது, கம்போடியா 2017-ல் ஏற்றுமதியையே தடை செய்தது. அங்கே கோ கோங் பக்கம் மீனவர்கள் நண்டு கிடைக்கவில்லை, கரை சரிகிறது என்று கத்தியது பத்திரிகையில் வந்ததே. நம் கரை உயர அங்கே ஒரு அக்கரைக்காரனின் கரை இறங்கியிருக்கிறது.

கட்டடக்காரன் | புதன், காலை 7:15

மாமா, கோபம் நியாயம்தான். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். மண்ணைக் குறைக்கத்தானே தெக்கோங் தீவில் வேறு வழிக்குப் போனார்கள்? சுற்றிலும் 10 கிலோமீட்டர் அணை, உள்ளே தண்ணீரை இறைத்துக் கடல்மட்டத்துக்குக் கீழேயே நிலம். டச்சுக்காரர்களின் பழைய வித்தை. சுமார் 800 ஹெக்டேர், லாங் ஐலண்டும் அதே அளவுதான்.

மரின்பரேட் மாமா | புதன், காலை 7:31

பம்பு நின்றால்?

கட்டடக்காரன் | புதன், காலை 7:40

மாற்றுப் பம்பு ஓடும் மாமா. காலையிலேயே ஆரம்பிக்காதீர்கள்.

ஈசூன் அக்கா | புதன், இரவு 9:05

நீங்கள் இருவரும் பம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெண்ணாற்றான் தம்பி, நீ முதலில் கேட்டது "யாரிடம் போய்க் கேட்பது" என்று. முதலில் உன் அப்பாவிடம் போய்க் கேள். சித்தப்பா பேரை ஏட்டில் ஏற்ற அவருக்குச் சம்மதமா என்று.

வெண்ணாற்றான் | புதன், இரவு 10:48

கேட்டேன் அக்கா, இப்போதுதான் போனை வைத்தேன். "பேரு ஏறிருச்சுன்னா நிலம் போயிரும்டா" என்றார். "நீ அங்க ஏசியில உக்காந்துகிட்டு இங்க நிலத்தைத் தானம் பண்றியா" என்றும் கேட்டார். ஏசி எங்கே இருக்கிறது என்று அவருக்குச் சொல்லவில்லை. துவாஸ் வெயிலில் தலைக்கவசத்துக்குள் மூளை வேகுவது அவருக்குத் தெரிய வேண்டாம்.

சட்டப்புள்ளி | வியாழன், மதியம் 1:20

அப்பாவின் பயம் வெறும் கற்பனை இல்லை. சட்டம் குத்தகைதாரர் பக்கம் சாய்ந்துதான் நிற்கிறது. பல குடும்பங்கள் கோர்ட்டுக்கு அலைந்திருக்கின்றன. அதனால் ஒரேயடியாகத் தாவ வேண்டாம். இரண்டு வேலை செய்யுங்கள். முதலில் தாத்தா பேரில் இருக்கும் பட்டாவை வாரிசுகள் பேருக்கு மாற்றுங்கள், அத்தைகள் பங்கையும் மறைக்காமல். செத்தவர் பேரில் பட்டா இருக்கும்வரை எந்த நிவாரணமும் இழுபறிதான். அடுத்து, இந்தப் பருவத்து அடங்கலில் சாகுபடி செய்பவர் யார் என்று உள்ளதை உள்ளபடி விஏஓ எழுதட்டும். அதை வைத்துக் குத்தகைக்குச் செய்பவரும் தன் பேரிலேயே பயிர்க் காப்பீடு கட்டலாம். பயிர் போனால் பணம் அவர் கணக்குக்கு வரும். நிலம் எங்கேயும் ஓடிவிடாது.

அக்கரைக்காரன் | வியாழன், இரவு 9:00

அத்தைகள் பங்கு என்று ஒருவராவது சொன்னீர்களே, சந்தோஷம்.

வெண்ணாற்றான் | மூன்று வாரம் கழித்து, சனி, இரவு 11:30

தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டு நேற்றுத்தான் வந்தேன். கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

பட்டா மாறவில்லை. வாரிசுச் சான்றுக்குப் பெரிய அத்தை கையெழுத்து வேண்டும், அவர் திருப்பூரில் மகன் வீட்டில் இருக்கிறார், 1994-ல் நடந்த ஒரு கல்யாணத்துச் சண்டையில் இன்னும் அப்பாவோடு பேசுவதில்லை. நான் பேசினேன். "உங்கப்பன் வந்து கேக்கட்டும்" என்றார். அது அடுத்த தீபாவளி வேலை.

அடங்கல் விஷயத்தில் அப்பா இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலையில் அவரைப் பைக்கில் வைத்து வயலுக்குக் கூட்டிப் போனேன். முழங்கால் போன பிறகு அவர் வரப்பில் இறங்கி நான் பார்த்ததில்லை. கடைசிப் பாத்தியில் மண் காய்ந்து வெள்ளை பூத்திருந்தது. குனிய முடியாததால் சித்தப்பா ஒரு கட்டியை எடுத்துக் கொடுத்தார். அப்பா அதை உடைத்து, ஓரத்தில் நாக்கை வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சித்தப்பாவிடம், "கஜா பணத்துல வெட்டுக்கூலி உனக்குக் குடுத்தனா நானு?" என்றார். சித்தப்பா, "அதெல்லாம் எதுக்குண்ணே இப்ப" என்றார்.

விஏஓ அலுவலகத்தில் அடங்கல் சித்தப்பா பேரில் எழுதியாயிற்று, இந்தச் சம்பாவுக்கு மட்டும். காப்பீடு கட்டக் கடைசி நாள் நவம்பர் 15 என்றார்கள், இரண்டு நாள் முன்னால் கட்டிவிட்டார், ரசீதைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். வெட்டுக்கூலி பற்றி அப்பாவிடம் நான் மறுபடியும் கேட்கவில்லை. ஆனால் நான் கிளம்பும் அன்று பேங்க் புத்தகத்தை எங்கே வைத்தேன் என்று அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தார்.